வாசல் வெப்பமானிக்குத் தெரியாதது

அதிகாலை ஐந்து மணி. உலு திராமில் இந்த நேரத்தில் பல வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இருப்பவர் ஒரு கையால் பசியாற ஏதாவது செய்துகொண்டே மறு கையால் பையை அடுக்குகிறார். இரண்டரை வயதுக் குழந்தை முனகிக்கொண்டே எழுகிறது. நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. வெப்பமானி 37.9 காட்டுகிறது. அலமாரியில் பாராசிட்டமால் புட்டி இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். ஆறரைக்குள் சூடு இறங்கியது. குழந்தைப் பராமரிப்பு மையத்தின் வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய வெப்பமானி 36.6 என்றது. மகளை உள்ளே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு முதல் பாடமான நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்பித்தேன். பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. மீண்டும் காய்ச்சல், எச்சில் ஒழுகுகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறாள், வாய்க்குள் புண். மறுநாள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அடுத்த எட்டு நாளில் அதே மையத்தில் இன்னும் ஐந்து குழந்தைகள் படுத்தார்கள்.

காலையில் நான் கொடுத்த மருந்து என்ன செய்தது? மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. கிருமி உள்ளே வந்ததும் உடல் அந்தப் பகுதியின் அளவை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அந்த அளவைச் சில மணி நேரத்துக்கு இறக்குகிறது. அவ்வளவுதான். வைரசை அது தொடுவதே இல்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கியதும் காய்ச்சல் பழைய இடத்துக்கு வருகிறது. நான் பதினொன்றரைக்குப் பெற்ற அழைப்பு ஐந்து மணிக்கே நான் எழுதி வைத்த அழைப்புதான்.

வாசலில் நிற்கும் வெப்பமானியையும் குறை சொல்ல முடியாது. அது நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அளக்கிறது. மோட்டாரில் காற்று வாங்கி வந்த நெற்றி, மழையில் நனைந்த நெற்றி, காரின் குளிரூட்டியில் வந்த நெற்றி எல்லாமே உள்ளே இருக்கும் காய்ச்சலைக் குறைத்துக் காட்டும்.

பெயரில் ஒரு குழப்பம்

மகளுக்கு வந்தது கை, கால், வாய்ப்புண் நோய். நம் ஊரில் பலரும் எச்.எஃப்.எம்.டி. என்றே சொல்கிறார்கள். மாடு வளர்த்த குடும்பங்களில் பெரியவர்கள் இதைக் கேட்டதும், 'கோமாரி மனுசருக்கும் வருமா?' என்பார்கள். வராது, கவலை வேண்டாம். கோமாரியை உண்டாக்கும் வைரசும் இதுவும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் வேறு வேறு கிளை. மாட்டிடமிருந்து குழந்தைக்கு இந்த நோய் வராது. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவும். உண்மையில் இதற்கு நெருங்கிய உறவு போலியோ வைரஸ். இரண்டும் என்டெரோவைரஸ், அதாவது குடல் வைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2022 ஆம் ஆண்டு தமிழ்நாட்டு உறவினர்களிடமிருந்து 'தக்காளிக் காய்ச்சல்' என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அந்த ஆண்டு மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்கள் வந்தன. கோயம்புத்தூர் எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியில் மருத்துவக் குழுவை நிறுத்தி, வருகிறவர்களைப் பரிசோதித்தார்கள். ஏதோ புதிய நோய் என்று ஊரெல்லாம் பேச்சு. கேரளத்துக்குப் போய் இங்கிலாந்து திரும்பிய இரண்டு குழந்தைகளின் மாதிரியைச் சோதித்தபோது கிடைத்தது காக்சாக்கி ஏ16. நம் கை, கால், வாய்ப்புண் நோயின் வழக்கமான காரணம்! தக்காளிக்கும் அதற்கும் கொப்புளத்தின் தோற்றத்தைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

ஒரே நோய்க்குப் பல வைரஸ்கள் காரணமாக இருப்பதால்தான் ஒரு முறை வந்த குழந்தைக்கு மறுபடியும் வருகிறது. காக்சாக்கி ஏ16, ஏ6 ஆகியவை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுப் போய்விடும். என்டெரோவைரஸ் 71 என்பதுதான் பயப்பட வேண்டியது. அதை மலேசியா நன்றாக அறிந்த விதம் துயரமானது.

1997 ஏப்ரல் முதல் ஜூன் வரை சரவாக்கில் இந்த நோய் பரவியபோது, அதுவரை ஆரோக்கியமாக இருந்த ஆறு வயதுக்குக் குறைந்த 29 குழந்தைகள் இறந்துபோனார்கள். சிபு நகரத்து மருத்துவர்கள் கண்டது இதுதான்: இரண்டு மூன்று நாள் காய்ச்சல், சில கொப்புளங்கள், பிறகு சில மணி நேரத்துக்குள் இதயமும் நுரையீரலும் செயலிழப்பது. என்ன வைரஸ் என்பதில் ஆரம்பத்தில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மூளைத் தண்டை வைரஸ் தாக்கியதே இதயம் நின்றதற்குக் காரணம் என்பது பிறகு தெளிவானது. சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தில் ஜேன் கார்டோசாவும் அவருடைய குழுவினரும் 1998 முதல் சரவாக் கிளினிக்குகளிலிருந்து மாதிரிகளைத் தொடர்ந்து சேகரித்து, இந்த வைரஸ் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தலைதூக்குவதைக் காட்டினார்கள். ஏன் மூன்று ஆண்டு? ஒரு பெரிய அலைக்குப் பிறகு பெரும்பாலான சிறுவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அடுத்த அலைக்குத் தேவையான அளவு புதிய குழந்தைகள் பிறக்க அவ்வளவு காலம் ஆகிறது.

1998-இல் தைவானில் 78 குழந்தைகள் இறந்தார்கள். 2000 அக்டோபரில் நம் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் தன் பாலர் பள்ளிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மூடியது. மலேசியாவில் 2006 முதல் இது மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். கிளினிக்கில் மருத்துவர் படிவம் நிரப்பும்போது, 'நம் பிள்ளையின் பெயரை எங்கோ எழுதிவிட்டார்களே' என்று சங்கடப்படாதீர்கள். அந்தப் படிவம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போனால்தான் ஒரே வட்டாரத்தில் நோய் கூடுவதைப் பார்க்க முடியும்.

நாட்காட்டியை எடுத்து எண்ணியபோது

மகள் படுத்திருந்த நாட்களில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மற்ற ஐந்து குழந்தைகளுக்கும் நான்தான் காரணமா? அறிவியல் ஆசிரியருக்கு இதற்கு வழி தெரிந்திருக்க வேண்டுமே. நாட்காட்டியை எடுத்தேன்.

இந்த வைரஸ் உடலுக்குள் போனதிலிருந்து நோய் தெரிய பொதுவாக மூன்று முதல் ஆறு நாள் ஆகும். மகளை நான் காய்ச்சலோடு விட்ட நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையனுக்கு இரண்டாம் நாளே கொப்புளம் வந்தது. அவன் அன்று என் மகளிடமிருந்து வாங்கியிருக்க முடியாது, நாள் போதாது. இருவரும் அதற்கு முன்பே ஒரே இடத்திலிருந்து பெற்றிருப்பார்கள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மூன்று குழந்தைகள். இவர்கள் அந்தக் காலையில் பெற்றிருக்கலாம். எட்டாம் நாள் படுத்த குழந்தை அந்தப் பையனிடமிருந்தோ என் மகளிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ பெற்றிருக்கலாம். ஆக, ஐவருக்கும் நான் காரணம் இல்லை. ஆனால் ஒருவருக்குமே காரணம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

இந்த எண்ணிக்கையில் எனக்குக் கிடைத்தது ஆறுதல் மட்டுமல்ல. நோய் வாசல் வழியாக வந்தது அந்த ஒரு நாளில் மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது. காய்ச்சல் தெரிவதற்குச் சற்று முன்பே குழந்தையின் எச்சிலில் வைரஸ் இருக்கலாம். முதல் வாரம் அது உச்சத்தில் இருக்கும். கொப்புளம் காய்ந்து, குழந்தை குதித்து விளையாடத் தொடங்கிய பிறகும் மலத்தில் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் பலருக்கு அறிகுறியே இருக்காது. நீங்களோ பராமரிப்பாளரோ சுமந்துகொண்டு நடமாடலாம்.

ஆகவே காய்ச்சல் உள்ள குழந்தையை வீட்டில் வைப்பது அவசியம்; முதல் வாரம்தான் மிக அதிகம் பரவும் காலம். காய்ச்சல் போய், கொப்புளங்கள் காய்ந்து, மருத்துவர் சரி என்ற பிறகே அனுப்ப வேண்டும். ஆனால் வாசலில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, பேம்பர்ஸ் மாற்றும் மெத்தையிலும் கைகழுவும் தொட்டியிலும் நடக்கிறது. மையத்தைத் தேர்ந்தெடுக்கப் போகும் பெற்றோர் சுவரில் உள்ள படங்களையும் விளையாட்டுச் சாமான்களையும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பேம்பர்ஸ் மாற்றும் இடத்திலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். வேறு அறைக்குப் போய்த்தான் கைகழுவ வேண்டும் என்றால், வழியில் உள்ள கதவுப் பிடி எல்லாம் கணக்கில் சேரும்.

சட்டை போட்ட வைரசும் போடாத வைரசும்

கோவிட் காலம் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று இங்கே நம்மை ஏமாற்றுகிறது. வாசலில் ஒரு புட்டிக் கைத்தூய்மி. இரண்டு சொட்டுத் தேய்த்தால் கை சுத்தம்.

கொரோனா வைரசுக்கு வெளியே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. ஆல்கஹால் பட்டால் அந்தக் கொழுப்பு குலைகிறது, வைரஸ் செயலிழக்கிறது. சளிக்காய்ச்சல் வைரசுக்கும் இதே உறை உண்டு. குடல் வைரசுகளுக்கு இந்தச் சட்டை கிடையாது. மரபுப்பொருளைச் சுற்றி இறுக்கமாகப் பின்னிய புரதக் கூடு ஒன்றுதான். கரைப்பதற்குக் கொழுப்பே இல்லாத இடத்தில் ஆல்கஹாலுக்கு அதிக வேலை இல்லை. வயிற்றில் உள்ள அமிலத்தையே தாண்டிக் குடலுக்குப் போகிற கூடு அது. பொம்மையின் மேலும் மேசையின் மேலும் நாள்கணக்கில் தாங்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசும் நோரோ வைரசும் இதே போலச் சட்டை இல்லாதவை.

அப்படியானால் சவர்க்காரம் எப்படி வேலை செய்கிறது? அது இந்த வைரசைக் கொல்வதில்லை, கழற்றி விடுகிறது. கைத்தோலில் எண்ணெயும் வியர்வையும் கலந்த மெல்லிய படலம் இருக்கிறது. வைரசும் மலத்துகளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை நீரைப் பிடிக்கும். தேய்க்கத் தேய்க்கப் படலம் பெயர்ந்து, ஓடும் தண்ணீரோடு வடிகாலுக்குப் போகிறது. தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் இல்லாமல் இது நடக்காது. ஒரு வாளித் தண்ணீரில் பத்துக் குழந்தைகளும் கை நனைத்தால், முதல் கையில் இருந்ததைப் பத்துக் கைக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

இங்கே பள்ளிப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழுவாத கை, தண்ணீரில் கழுவிய கை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை என்று மூன்றையும் அகார் தட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை உங்கள் பிள்ளையும் செய்திருப்பான். சவர்க்காரத் தட்டில் புள்ளிகள் குறைவாக இருப்பதைப் பார்த்து, 'வைரஸ் செத்துவிட்டது, டீச்சர்' என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். அந்தத் தட்டில் தெரிவது பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அகாரில் ஒரு நாளும் வளராது. சுத்தமாகத் தெரியும் தட்டு, வைரஸ் இல்லாத கைக்குச் சாட்சி ஆகாது.

பராமரிப்பு மையங்களிலும் பள்ளிகளிலும் கைகழுவலை முறையாகக் கற்றுக்கொடுத்து நடத்தியபோது வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியின் விலைக்கு இது பெரிய பலன்.

இருபது மில்லியின் கணக்கு

பொம்மைக்கும் தரைக்கும் மெத்தைக்கும் குளோரின் தேவை. எந்த நிறுவனத்தின் வெளுப்பானை வாங்கினாலும் நாம் 'குளோரோக்ஸ்' என்றுதான் சொல்கிறோம். முதலில் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதியிருக்க வேண்டும். வண்ணத் துணிக்கான சில வெளுப்பான்களில் அது இருக்காது. அவை இதற்கு உதவாது.

வீட்டு வெளுப்பானில் அது பொதுவாக 5 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். 5 விழுக்காடு என்றால் பத்து லட்சத்தில் 50,000 பங்கு. நமக்குத் தேவை ஏறத்தாழ 1,000 பங்கு. 50,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 50. அதாவது ஐம்பது மடங்கு நீர்க்க வேண்டும்: 20 மில்லி வெளுப்பான், அதோடு 980 மில்லி தண்ணீர். பெரிய கரண்டியால் 'ஒரு குத்துமதிப்பாக' ஊற்றுவதைவிட, மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் குவளையில் அளப்பது நல்லது. பிறகு அந்தக் குவளையை மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் புட்டியில் வேறு விழுக்காடு இருந்தால் இதே கணக்கை மாற்றிப் போடுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, அழுக்கின் மேலேயே ஊற்றிவிடுவது. மலமும் எச்சிலும் சோற்றுப் பருக்கையும் குளோரினை முதலில் தின்றுவிடும். வைரசுக்கு மிச்சம் இருக்காது. ஆகவே முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு வெளுப்பான் நீரைத் தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு, குழந்தை வாயில் வைக்கும் சாமானாக இருந்தால், நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். நேற்றுக் கலந்த நீர் இன்று பலவீனமாகிவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ வினிகரோடோ வெளுப்பானைக் கலக்கவே கூடாது. நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு கிளம்பும்.

கரடிப் பொம்மையை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? நோய் பரவும் வாரங்களில் அதைப் பரண் மேல் ஏற்றுங்கள். கழுவ முடியாத பொம்மை மையத்துக்கு வேண்டாம்.

ஆயாக் கொட்டகையில் ஒரு தூளி

என் பாட்டி பால்மரம் வெட்டப் போன காலத்தில் விடியும் முன்பே அம்மாவை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாராம். 'ஒவ்வொரு பிள்ளைக்கும் அவங்கவங்க வீட்டுத் துணியில்தான் தூளி. அடுத்த பிள்ளை தூளியில போட்டா ஆயாவோட சண்டைதான்' என்று பாட்டி சொல்வார். அது சுகாதார விதியா, துணி நைந்துவிடும் என்ற கவலையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் விதி நல்ல விதி. இன்றைய மையத்திலும் மெத்தை, தண்ணீர்ப் புட்டி, துவாலை, கரண்டி எல்லாம் பெயர் எழுதித் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, குழந்தைகளைச் சிறு குழுவாக வைப்பது. 20 குழந்தைகள் ஒரே கூடத்தில் கலந்து விளையாடினால், இருவர் இருவராகச் சேரக்கூடிய இணைகள் 190. ஐந்து ஐந்து பேராக நான்கு குழுக்களாகப் பிரித்து, தனித்தனிப் பராமரிப்பாளரிடம் விட்டால் ஒவ்வொரு குழுவிலும் 10 இணைகள், மொத்தம் 40. சுவர் எழுப்ப வேண்டாம், ஆளைக் கூட்ட வேண்டாம். வைரசுக்கு இருந்த வழிகளில் ஐந்தில் நான்கு அடைபட்டுவிடுகின்றன. ஆள் வராத நாளில் இரண்டு குழுவை ஒன்றாக்கிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நோய் இருக்கும் வாரத்திலாவது அதைத் தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

இந்த நோய்க்கு வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. சீனா 2015 இறுதியில் என்டெரோவைரஸ் 71-க்குத் தடுப்பூசியை அங்கீகரித்தது. அது காக்சாக்கி வைரசுகளைத் தடுக்காது. நம் நாட்டுத் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலும் இல்லை. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது, காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் மருத்துவர் சொல்லும் மருந்தும் போதுமான நீரும்தான். வாய்ப்புண் எரிவதால் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காது. ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆரஞ்சுச் சாறு வேண்டாம்; எரிச்சலில் அடுத்த வாயையும் மறுத்துவிடும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாலும் எனக்கு மகிழ்ச்சி. தூங்கப் போகும்போதோ தூக்கத்திலோ குழந்தை திடீர் திடீரென்று தூக்கிவாரிப்போடுவது; நடக்கும்போது தள்ளாடுவது; எழுப்பினாலும் சோர்ந்து சரிவது; வாந்தி நிற்காமல் வருவது; மூச்சு வேகமாக வாங்குவது; கை கால் சில்லிடுவது; காய்ச்சல் 39-க்கு மேல் நிற்பது அல்லது மூன்று நாளைத் தாண்டுவது; ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கொப்புளம் எத்தனை என்பது ஆபத்தின் அளவு இல்லை. சரவாக்கில் இறந்த குழந்தைகளுக்கும் நோயின் தொடக்கம் சாதாரணமாகத்தான் தெரிந்தது.

உண்மை சொல்ல இடம் வேண்டும்

மீண்டும் அதிகாலை ஐந்து மணிக்கு வருவோம். நான் ஏன் மருந்து கொடுத்து அனுப்பினேன்? அறியாமையால் இல்லை. அன்று பள்ளியில் தேர்வு. என் விடுப்பு பெரும்பாலும் தீர்ந்திருந்தது. நம் நாட்டு 1955 வேலைச் சட்டம் தொழிலாளிக்கு நோய் வந்தால் மருத்துவ விடுப்புத் தருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதற்கென்று தனி விடுப்பைத் தரவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு அந்நாட்டுச் சட்டப்படி, பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறாதவராக இருந்தால், ஏழு வயது வரை ஆண்டுக்கு இரண்டு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பலருக்கு இது தெரியாது, கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு வாரம் வீட்டில் வைக்க வேண்டிய நோய்க்கு இரண்டு நாள் எங்கே போதும்?

மையத்தை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காய்ச்சல் என்று சொன்ன பெற்றோரைக் கூடத்தில் வைத்துத் திட்டினால், அடுத்த முறை அவர் மருந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். 'காலையில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?' என்று வெப்பமானியை நீட்டும் முன் சாதாரணமாகக் கேளுங்கள். 36.6 என்ற எண்ணைவிட அந்தப் பதில் பயனுள்ளது. உள்ளங்கையையும் வாயையும் ஒரு கணம் பாருங்கள். வெப்பமானி காட்டாததை அவை காட்டும். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் பெயரைச் சொல்லாமல் அன்றே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். 1988 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் மையத்தை மூடும் அதிகாரம் சுகாதார அதிகாரிகளுக்கு இருக்கிறது. மூடிவிடுவார்களோ என்று பயந்து மறைத்து, கடைசியில் நீண்ட நாள் மூட வேண்டி வருவதுதான் நடக்கிறது.

நான் மறுநாள் பராமரிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'தெரிஞ்சிருந்தா முன் அறையில தனியா படுக்க வச்சிருப்பேனே, டீச்சர்' என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து மகளின் இரண்டு விரல் நகங்கள் அடியிலிருந்து பெயர்ந்து வந்தன. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடினேன். காக்சாக்கி ஏ6 வந்து போன பிறகு இப்படி நடப்பது உண்டாம். வலி இல்லை, மருந்தும் வேண்டாம், புது நகம் தானாக வளர்ந்துவிடும். உங்கள் வீட்டிலும் நடந்தால் நீங்களாவது பதறாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வாரம் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை. சமையல் எண்ணெய் அரைத் தேக்கரண்டியைக் கைகளில் தேய்த்து, அதன்மேல் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவுங்கள். மஞ்சள் வேண்டாம், கறை போகாது. ஒருவர் வெறும் தண்ணீரில் 20 விநாடி கழுவட்டும். இன்னொருவர் சவர்க்காரம் போட்டு 5 விநாடி, மூன்றாமவர் சவர்க்காரம் போட்டு 20 விநாடி. பிறகு மூவரும் வெள்ளைத் தாளில் கையைத் துடைத்து, தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட்டைவிரலின் அடி, விரல் இடுக்கு, நகக்கண் ஆகிய மூன்று இடங்களையும் தனியாகப் பார்த்து, எதில் தூள் அதிகம் மிஞ்சியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.